ஏப்ரன் தைக்கும் ஜலஜா

செகந்திராபாத் லோத்குண்டாவில் ஜலஜாவின் வீடு எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மல்லாபூர் தொழிற்பேட்டையில் ‘ஏப்ரன் மேடம்’ என்று கேட்டால் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட கிளாஸை வைத்துவிட்டுத் தெருமுனைவரை வந்து ஷெட்டைக் காட்டுவார். அப்படி ஒரு பெயர் தனக்கு வரும் என்று பி.காம். முடித்தபோது ஜலஜா நினைத்திருக்கமாட்டாள்.

அவள் முதலில் மல்லாபூருக்குப் போனது கணக்கு எழுத. இரும்புச் சட்டங்கள் செய்யும் சின்னக் கம்பெனி அது. ஒரு கோடைகால மத்தியானம், வெல்டிங் செய்துகொண்டிருந்தவரின் தோல் ஏப்ரன் கழுத்துப்பட்டை அறுந்து கீழே விழுந்தது. பற்றவைத்த கையை அவர் எடுப்பதற்குள் தீப்பொறி சட்டையைத் துளைத்து வயிற்றைச் சுட்டுவிட்டது. முதலாளி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எல்லாரும் கூட ஓடினார்கள். ஏப்ரன் மட்டும் தரையில் கிடந்தது. ஜலஜா அதை எடுத்து மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவள் கணவர் ஜெயராம் அப்போது பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலையில் இருந்தார். கருகின தோலை எதற்கு வீட்டுக்குள் கொண்டுவந்தாய் என்று கேட்டார். அவள் அதைத் தரையில் விரித்துப் பார்த்தாள். ஒன்று அவளுக்குப் புரிந்திருந்தது: அவ்வளவு கனமும் ஒரு கழுத்தில் தொங்கினால் மனுஷன் பட்டையைத் தளர்த்தித்தான் விடுவான், தளர்ந்த பட்டை அறுந்துதான் போகும். கனத்தைத் தோள் இரண்டும் தாங்கும்படி முதுகில் பட்டைகளைக் குறுக்காகப் போட்டால் என்ன?

வீட்டுத் தையல் மெஷினில் மூன்று ஊசி உடைந்ததுதான் மிச்சம். பிறகு கன்டோன்மென்ட் பக்கம் தோல் பைகள் செய்யும் கடையில் வெட்டுக்காரராக இருந்த சலீமைத் தேடிப்போனாள். அவர் ஏப்ரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் போனபோது பட்டைகள் குறுக்காக ஏறி, முதுகில் ஒரு வளையத்தில் வந்து நின்றன. காயம் ஆறித் திரும்பிய வெல்டர் அதை மாட்டிக்கொண்டு இரண்டு முறை குனிந்து நிமிர்ந்தார். அடுத்த வாரம் பக்கத்து ஷெட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள்.

அப்படித் தொடங்கியதுதான். கணக்கு வேலையை விட்டு, மல்லாபூரிலேயே ஒரு ஷெட் எடுத்து இரண்டு மெஷின் போட்டாள், அது ஆறாயிற்று. சலீம் பழைய கடையை விட்டு இவளிடமே வந்துவிட்டார். வெல்டர்களுக்குத் தோல், மருந்துக் கம்பெனிக்கு ரப்பர், பேக்கரிக்காரர்களுக்குக் காடாத் துணி. மகள் ஹர்ஷிதா படித்து வேலைக்குப் புனே போனாள். ஜெயராம் ரிடையர் ஆனார். ஜலஜா ஐம்பத்தெட்டு வயதிலும் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மல்லாபூர் போனாள். ஏப்ரனைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் கோட்டி கடைத்தெருவிலிருந்து நரசிங் ராவ் என்ற கடைக்காரர் போன் செய்தார். வெள்ளை ஏப்ரன் இருநூறு வேண்டும், நல்ல துணியாக, இரண்டு பாக்கெட் வைத்து. சின்னது, நடுத்தரம், பெரிது என்று அளவும் சொன்னார். கட்டிக்கொள்கிற துணிக்கு எதற்கு இத்தனை அளவு என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பெரிய ஹோட்டல் ஏதாவது இருக்கும், ஆளுக்குத் தகுந்த மாதிரி கேட்கிறார்கள் என்று விட்டுவிட்டாள். பருத்தித் துணி எடுத்து, மார்புவரை ஏறி முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஏப்ரன்களை அழகாகத் தைத்து, தானே ஆட்டோவில் கொண்டுபோனாள்.

கடை முழுக்க எலும்புக்கூட்டுப் படங்களும் ஸ்டெதஸ்கோப்புகளும் தொங்கின. இது ஹோட்டல் சமாச்சாரம் இல்லை என்று அவளுக்கு அப்போதே பட்டது. நரசிங் ராவ் ஒன்றை விரித்துப் பார்த்தார். இன்னொன்றை விரித்தார். கைகளைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

“அம்மா, இது சமையல்காரர் கட்டுறது. நான் கேட்டது டாக்டர் போடுறது” என்றார் தெலுங்கில்.

“நீங்க ஏப்ரன்னுதானே சொன்னீங்க?”

“ஏப்ரன்னுதான் சொன்னேன். எங்க அப்பா காலத்திலேர்ந்து இந்தத் தெருவில அதுக்கு அதுதான் பேரு.”

காலரும் முழுக்கையும் வைத்த வெள்ளைக் கோட்டைத்தான் இந்த ஊர் மருத்துவ மாணவர்கள் ஏப்ரன் என்கிறார்கள். ஊரில் எத்தனையோ பேருக்கு அது தெரியும். ஆனால் ஏப்ரன் என்றால் தான் தைப்பதுதான் என்று இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. நரசிங் ராவுக்கும் உலகத்தில் வேறு ஏப்ரன் இருப்பது தோன்றவில்லை. யார்மேலும் தப்பில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை, மருத்துவக் கல்லூரி முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்குகிறது. கோட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அவர் முகம் வாடிப்போயிற்று. ஜலஜா தன் மூட்டையைத் திரும்பக் கட்டினாள். ஒரு கோட்டை மட்டும் மாதிரிக்கு வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமைக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சொன்ன பிறகுதான், எப்படி என்று யோசித்தாள்.

மல்லாபூரில் சலீம் அந்தக் கோட்டைத் தையல் பிரித்து மேஜையில் பரப்பினார். கை வெட்டுவதுதான் சிரமம், மற்றதெல்லாம் சுலபம்தான், நக்கோ மேடம், கவலை வேண்டாம் என்றார். மெஷினில் தைக்கும் பெண்கள் ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறோம் என்றார்கள். ஜெயராமும் வந்தார். அவருக்குத் தைக்கத் தெரியாது. பொத்தான் மட்டும் வைக்கத் தெரியும். ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தொழிற்சாலையில் இருந்தபோது காட்டிய அதே நிதானத்தோடு பொத்தான் வைத்தார்.

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் ஜலஜாவுக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினாள். பிரெஞ்சில் மேஜைத் துணிக்கு ‘நாப்’ என்று பெயராம். சின்னத் துணி ‘நாப்ரோன்’. இங்கிலாந்துக்கு வந்து அது ‘நேப்ரன்’ ஆயிற்று. ‘அ நேப்ரன்’ என்று ஜனங்கள் சொன்னது போகப்போகக் காதில் ‘அன் ஏப்ரன்’ என்று விழுந்து, முன்னால் இருந்த ‘ந’ பக்கத்துச் சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டதாம். கூடப் பிறந்த ‘நேப்கின்’ மட்டும் தன் எழுத்தை விடாமல் வைத்துக்கொண்டது. ஆரஞ்சுக்கும் தொடக்கத்தில் ‘ந’ இருந்து, வழியில் எங்கோ விழுந்ததாகப் போட்டிருந்தது. அதை அவள் சத்தமாகப் படித்ததும் சலீம் தலைநிமிர்ந்தார்.

“ஹவ், ஆமா மேடம், நாங்க இன்னும் நாரங்கின்னுதான் சொல்றோம். தெலுங்குக்காரங்க நாரிஞ்சங்கிறாங்க. இங்க யாரும் தொலைக்கலை” என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே பெண்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

கீழே இன்னும் பல அர்த்தங்கள் இருந்தன. விமானம் நிறுத்தும் தளம் ஏப்ரன். நாடக மேடையில் திரைக்கு முன்னால் நீளும் பகுதி ஏப்ரன். கடைசல் இயந்திரத்தில் பல்சக்கரங்களை மறைத்து முன்னால் நிற்கும் தகடும் ஏப்ரன். அந்த இடத்தில் ஜலஜா நிறுத்திவிட்டாள். அவள் அப்பா அருணாசலம் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் கடைசல் பிடிக்கும் டர்னர். ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். பொட்டு வைத்த இயந்திரத்தின் ஒரு பகுதியைத் தட்டி, இது இல்லாவிட்டால் என் விரல் உள்ளே போயிருக்கும் என்று அவர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பெயர் சொன்னாரா இல்லையா என்றுதான் தெரியவில்லை. எந்த அர்த்தமாக இருந்தாலும், முன்னால் நின்று எதையாவது தாங்குகிற பொருளுக்குத்தான் அந்தப் பெயர் போய் ஒட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவிதமான திருப்தி வந்தது.

ஜெயராம் பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல், “தமிழ்ல மட்டும் இல்லையா என்ன?” என்றார்.

“தமிழ்ல ஏதுங்க ஏப்ரன்?”

“முந்தானை. பழைய தமிழ்ல தானைன்னா துணி. முன் தானை, முன்னால வர்ற துணி. அதுதான் முன்றானை, முந்தானை ஆச்சு.”

ஜலஜா தன் புடவையைக் குனிந்து பார்த்தாள். சூடான பாத்திரத்தைப் பிடித்தது, முகம் துடைத்தது, வெயிலில் ஹர்ஷிதாவின் தலையை மூடியது, எல்லாம் இதுதான். “இத்தனை நாள் இதைச் சொல்லாம எதுக்கு வச்சிருந்தீங்க?” என்றாள். நீ கேட்கவே இல்லையே என்றார் அவர், நூலைப் பல்லால் கடித்து.

திங்கட்கிழமை காலையில் கோட்டுகள் கோட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. வர்ஷினி என்ற பெண் முதல் ஆளாக வாங்கிப் போட்டாள். கை நீளம் விரலை மறைத்தது. ஜலஜா கடைப் படியிலேயே உட்கார வைத்து, கையை மடித்து இரண்டு தையல் போட்டுக்கொடுத்தாள். வர்ஷினி கண்ணாடி முன்னால் போய் நின்றாள். பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். உடன் வந்திருந்த அவள் அம்மா போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டாள். நரசிங் ராவ் ஜலஜாவுக்கு ஒரு டீ வரவழைத்தார். இனி வருஷா வருஷம் உங்களிடம்தான் என்றார்.

தைத்து வைத்த இருநூறும் வீணாகவில்லை. செகந்திராபாத்தில் தமிழ்க் கல்யாணங்களுக்குச் சமைத்துப்போடும் வரதராஜன் வந்து பார்த்து, பந்தி பரிமாறுகிற பையன்களின் வேட்டியெல்லாம் சாம்பார் என்று சொல்லி அத்தனையையும் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு யார் போன் செய்தாலும், கட்டிக்கொள்வதா, கையை நுழைத்துப் போடுவதா என்று ஜலஜா முதலில் கேட்டுவிடுவாள். போன மாதம் ஒரு கான்ட்ராக்டர், ‘ஏப்ரன் மேடம்’ என்று யாரோ நம்பர் கொடுத்ததாகச் சொல்லிப் பேசினார். இரண்டும் இல்லை, கழுவக்கூடிய ஏப்ரன், நீளம் ஒரு பிளாட்பாரம் அளவு என்றார். யாரோ விளையாடுகிறார்கள் என்று போனை வைக்கப்போனாள். அவர் பொறுமையாக விளக்கினார். ரயில் நிலையத்தில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்குப் பதிலாகப் போடும் கான்கிரீட் தளத்துக்கும் அதுதான் பெயர். எங்களிடம் சிமெண்ட் இல்லை என்று அவள் சொல்ல, இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

ஹர்ஷிதா புனேயிலிருந்து வந்த அன்று ஜலஜாவும் ஜெயராமும் காச்சிகூடா நிலையத்துக்குப் போனார்கள். வண்டி வர நேரம் இருந்தது. கீழே ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்டவாளங்களுக்கு நடுவே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். அழுக்கு கரைந்து ஓட, சாம்பல் நிறத் தளம் பளிச்சென்று தெரிந்தது. ஏப்ரனை நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று ஜலஜா ஜெயராமிடம் சொன்னாள். அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். வண்டி வருகிற சத்தம் கேட்டதும் இருவரும் பின்னால் நகர்ந்து நின்றார்கள்.