எத்தனை, எத்தனையாவது

சந்தேகம் என் கூடவே பிறந்தது. பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துத் தரும் டிக்கெட்டைக்கூட இரண்டு தடவை பார்ப்பேன். எம்.எஸ்ஸி. வகுப்பில் புரொபசர் கார்டினல், ஆர்டினல் என்று ஆரம்பித்தபோது அவர் மேலேயே சந்தேகம் வந்தது. எத்தனை என்பதற்கு ஓர் எண், எத்தனையாவது என்பதற்கு இன்னோர் எண்ணாம். முடிவில்லாமல் போகும் வரிசையின் முதல் எண்ணை எடுத்து எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தால், எண்ணிக்கை அதேதானாம், வரிசை மட்டும் வேறாம்.

“முடிவே இல்லாததுக்குப் பின்னால எப்படி சார் வைக்கிறது?” என்று எழுந்து கேட்டேன்.

“மனசுல வைம்மா,” என்றார். வகுப்பே சிரித்தது. “முடிவுள்ள கணத்துல, அதாவது எண்ணி முடிக்கக்கூடிய கூட்டத்துல, இந்த வம்பே கிடையாது. எப்படி மாத்தி அடுக்கினாலும் ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் சொன்னதில் இதை மட்டும் நம்பித் தொலைத்தேன்.

ஊரில் அது நிலம் கைமாறிக்கொண்டிருந்த காலம். பிள்ளைகள் அமெரிக்காவில் தங்கிவிட்ட பெரிய நிலக்காரர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். சிங்கப்பூர் போய் வந்த ஒருவர் நிறைய வாங்கினார். அதே வயல்களில் கூலிக்கு வேலை பார்த்த எங்கள் அப்பா இரண்டு மா வாங்கினார். முக்கால் ஏக்கர்கூட வராது. அதற்கே அவர் நடை மாறிவிட்டது.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. எங்கள் வாய்க்காலில் முறை வைத்தார்கள். முதலில் நட்டவருக்கு முதல் தண்ணீர். கூட்டத்தில் பெயர்களை வாசிக்க வாசிக்க நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நாற்பத்தொரு பேர். அப்பா பெயர் நடுவில் வந்தது. சிங்கப்பூர்க்காரர் கடைசியாக நட்டவர், கடைசியில் வந்தார்.

இரண்டு நாள் கழித்து, முறையைக் கவனிக்கும் ஆள் பட்டியலைப் புதிதாக எழுதிப் பஞ்சாயத்து டிவி அறைச் சுவரில் ஒட்டினார். அவர் சிரிப்பே எனக்குப் பிடிக்காது. சிங்கப்பூர்க்காரர் வீட்டிலிருந்து அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததையும் பார்த்திருந்தேன். இல்லாத ஆள் பெயரை உள்ளே நுழைத்திருப்பார், சந்தேகமே இல்லை.

நோட்டுடன் போய்ச் சுவர்ப் பட்டியலைப் பக்கத்திலேயே எழுதி, பெயருக்குப் பெயர் கோடு போட்டு இணைத்தேன், வகுப்பில் செய்கிற மாதிரியே. இந்தப் பக்கமும் மிச்சமில்லை, அந்தப் பக்கமும் மிச்சமில்லை. கோடுகள் சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. அவசரத்தில் எழுதினால் முன்னே பின்னே ஆகும் என்று விட்டுவிட்டேன்.

“நாப்பத்தொண்ணுதாம்ப்பா. ஒரு பேரு கூடல, கொறையல. உங்க பேரும் இருக்கு,” என்று வந்து சொன்னேன்.

பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஆற்றில் தண்ணீர் நின்றது. எங்கள் முறை வரவே இல்லை. சுவருக்கு ஓடினேன். நடுவில் சிங்கப்பூர்க்காரர், கடைசியில் அப்பா. சிங்கப்பூர்க்காரருக்கு வேண்டியவர்கள் நாலைந்து பேர் மேலே ஏறியிருந்தார்கள், அதே அளவுக்குச் சிலர் இறங்கியிருந்தார்கள். நாற்பத்தொரு பேரை எப்படிக் கலைத்து நிறுத்தினாலும் வரிசையின் வடிவம் ஒன்றுதான். யார் எங்கே நிற்கிறார் என்பதை நாற்பத்தொன்று என்ற எண் சொல்லாது. புரொபசர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. உலகத்தையே சந்தேகப்பட்டவள், நான் எண்ணியதைச் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மண்வெட்டியைக் கழுவி மூலையில் சாத்திக்கொண்டிருந்தார். சுவர்ப் பட்டியலில் நாற்பதாவது பெயருக்கு உரியவரான பக்கத்து வயல்காரர்தான் வாசலில் நின்று சொன்னார்.

“முறை தப்புதுன்னு அன்னிக்கே நாங்க பத்துப் பேரு சண்டைக்குக் கெளம்பினோம் தங்கச்சி. ஒங்க அப்பாதான் வழிய மறிச்சிக்கிட்டு விடல. ‘எம் பொண்ணு பாத்துட்டா, பட்டியல்ல தப்பில்ல’ன்னாரு.”