த்ரீ நாட் த்ரீக்கு எதிரே உட்கார்ந்த கூட்டம்

பச்சைப் புளியமரத்தை வெட்டிப் போட்டால் ரோடே புளிப்பாக மணக்கும்... உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்களில் கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்த ரோட்டிலும் அந்த வாசனைதான்.

எனக்கு அப்போது புதுசாகக் கல்யாணம். வீட்டுக்காரர் பட்டாளத்தில். இலங்கைக்குப் போய்விட்டு லீவில் வந்திருந்தார். புதுப்பெண்டாட்டியிடம் மனுஷன் என்ன பேசுவார் என்று நினைக்கிறீர்கள்?

துப்பாக்கி.

அவித்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, தட்டில் அடுக்கிப் பாடம் வேறு. நீளக் காய் பட்டாளத்து எஸ்.எல்.ஆர் துப்பாக்கியின் தோட்டா, தூரம் போகும், அடியும் பலம். குட்டைக் காய் ஏ.கே. நாற்பத்தேழு. இரண்டும் 7.62 மில்லிமீட்டர்தான், ஆனால் இதில் மருந்து கம்மி, தூரமும் கம்மி. ஆனாலும் புதருக்குள் கிட்டத்துச் சண்டை என்றால் முப்பது குண்டு போடும் இதுதான் ராஜா என்பார். அவர் பேசி முடிப்பதற்குள் நான் பாதித் தோட்டாவைத் தின்றிருப்பேன்...

லீவு முடிந்து, ரயில் ஏற்றிவிட நானும் சின்னசேலத்துக்குக் கிளம்பினேன். வழியில் பஸ் நின்றுவிட்டது. குறுக்கே மரம். அந்தப் பக்கம் போலீஸ், கையில் பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிள். இந்தப் பக்கம் கை கோத்து நெருக்கமாக நின்ற எங்கள் ஊர்ப் பையன்கள். முன்வரிசையில் என் கொழுந்தன் ஏழுமலை.

கல்வராயன் மலையில் பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கியை மட்டும்தான் பார்த்தவன் அவன். ஒரு தடவை வெடித்தால் மறுபடி மருந்து இடித்து நிரப்ப வெகுநேரம் ஆகும். போலீஸ் கையில் இருப்பதும் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டைதானே, ஒரு வெடி போனதும் ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாம் என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அது காதில் விழுந்ததும் இவர் இறங்கிவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. நேராகப் போய்த் தம்பியின் தோளைப் பிடித்தார்.

"டேய், இது மலையில பாத்த துப்பாக்கி இல்லடா. உள்ள பத்து குண்டு இருக்குது. சண்டைக்கு இது ஸ்லோதான், இல்லன்னு சொல்லல. ஆனா இவ்ளோ கிட்டத்துல ஒரு குண்டு உன்ன தொளச்சிக்கினு பின்னால நிக்கிறவனையும் தொளைக்கும். எல்லாரும் உக்காருங்க."

முதலில் அவரே உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு, தார் ரோட்டில், துப்பாக்கிகளுக்கு நேராக. பிறகு ஏழுமலை உட்கார்ந்தான்... அவன் பின்னால் மொத்தக் கூட்டமும் உட்கார்ந்தது. கோஷம் மட்டும் நிற்கவில்லை. எதிரே துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

பஸ் ஜன்னலில் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தட்டில் காய் அடுக்கி விளையாடுகிறார் என்று நான் கேலி பண்ணிய மனுஷனா இவர்? அன்றைக்கு ரயில் போனது போனதுதான். அதற்காக எனக்குத் துளிகூட வருத்தமில்லை.

சாயங்காலம், பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம இன்னா? அந்தத் துப்பாக்கி இன்னா பண்ணும்னு அங்க எனக்கு மட்டும்தான தெரியும்."

இப்போது ஏழுமலையின் பேரன் போனில் டமால் டுமீல் என்று சுட்டுக்கொண்டே, ஏ.கே. பெஸ்டா, எம் ஃபோர் பெஸ்டா என்று இவரிடம் கேட்பான். இவரும் ஆசையாக ரேஞ்ச், மேகசின், 5.56, 7.62 என்று ஆரம்பித்துவிடுவார். திருந்தாத மனுஷன்.

நான் அந்தப் பேரனையே பார்த்துக்கொண்டிருப்பேன்...

அன்றைக்கு ஏழுமலைக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அந்தப் பழைய துப்பாக்கியிலிருந்து ஒரே ஒரு குண்டு புறப்பட்டிருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்க இவன் பிறந்தே இருக்கமாட்டான்.