சத்தியப் பாறை என்னைப் பிடித்த நாள்

1994 ஆடி மாதம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பொத்தை, மொட்டைக் குன்று. ஏறிப் போனவர்கள் என் மாமியார், நாத்தனார், வீட்டுக்காரர், கோயில் பூசாரி, நான்.

உச்சியில் இரண்டு பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு சந்து. பொய்ச்சத்தியம் செய்த ஒருவனை அம்மன் அதில் வைத்து நெரித்துவிட்டாளாம். அன்றிலிருந்து வீட்டில் களவு போனால் எல்லோரும் அதற்குள் நுழைந்து வர வேண்டும். கல் யாரைப் பிடிக்கிறதோ அவர்தான் திருடியது.

காணாமல் போனது மாமியாரின் சிவப்புக்கல் கம்மல். சந்தேகம் என்மேல். கல் பிடித்தால் நான் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முதலிலேயே பேச்சு.

நாத்தனார் நுழைந்து போய்விட்டாள். வீட்டுக்காரர் ஒல்லி. ஓணான் மாதிரி அந்தப் பக்கம் போய் பீடி பற்றவைத்தார். நான் பிள்ளை பெற்று நான்கு மாதம். உடம்பு ஊதிக் கிடந்தது. பாதியில் மாட்டிக்கொண்டேன். மூச்சு முட்டியது.

“பாத்தியளா, அம்மன் காட்டிக் குடுத்துட்டா” என்றார் மாமியார். யாரும் கை கொடுக்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். “மூச்ச வெளிய விடு தாயி. பயப்படாத. பைய சாஞ்சு வா” என்று கையைப் பிடித்து இழுத்தாள். பூசாரி அவளை அதட்டினார். அவள் அவர் தொந்தியைப் பார்த்தாள்.

“நீரு ஒரு தடவ நுழைஞ்சு காட்டும் வே, பாப்போம்.”

வெளியே வந்தபோது விலாவில் தோல் உரிந்து ரத்தம். அன்று சாயங்காலமே பிள்ளையோடு என்னை பஸ் ஏற்றிவிட்டார்கள். அம்மா வீட்டுத் தெருவில் எனக்குக் கள்ளி என்று பெயர்.

ஐப்பசியில், கார் நெல் அறுப்பு முடிந்து, வீட்டுக்காரர் கூப்பிட வந்தார். கம்மல் கிடைத்துவிட்டது என்றார். எங்கே இருந்தது என்று கேட்டேன்.

“நாந்தான் அடகு வச்சிருந்தேன். பணம் சீட்டாட்டத்துல போச்சு. இப்பதான் திருப்பியாச்சுல்லா, இன்னும் என்னத்த நோண்டுத?”

போனேன். பிள்ளை இருக்கிறதே. மாமியாரிடம் கேட்டேன். “ஆம்பளைக்கு ஆயிரம் செலவு இருக்கும். அதுக்கு என்னட்டி இப்ப?” என்றார். வேறு ஏதாவது பொய்க்காகக் கல் பிடித்திருக்கும் என்றார் பூசாரி.

ஆடிக்கு ஆடி அங்கே பொங்கல் வைக்கப் போகிறோம். பானையை நான்தான் சுமக்கிறேன். கல்லின்மேல் எனக்கு வருத்தமில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. அன்று ஏறிப்போன ஐந்து பேரில், நான் எடுக்கவில்லை என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்.