பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு ஜப்பான்

முழங்கால் அறுவை முடிந்த பிறகு என் மனைவி வலிக்கு அஞ்சவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழ இன்னொருவர் கை கொடுப்பதற்குத்தான் அஞ்சினாள். திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படிகளில் எனக்கு முன்னால் ஏறிப்போய் நின்று, "ஆபீசர் வராரு, வழி உடுங்க" என்று ஊரைச் சிரிக்க வைத்தவள் அவள்.

சோபா அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கியது. நானே ஒன்றை வடிவமைப்பதென்று முடிவு செய்தேன். அரசு அலுவலகத்துக்கு ஆயுசெல்லாம் மேசை நாற்காலி வாங்கியவன். இன்டென்ட், மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அந்த நாற்காலிகளில் யாராவது நிம்மதியாக உட்கார்ந்தார்களா என்பது என் பிரிவின் பொறுப்பல்ல.

ஸ்ரீ சிட்டியில் ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் மருமகன் ஒரு காலண்டர் கொடுத்திருந்தார். மாதத்துக்கொரு ஜப்பானிய மரவீடு. தூணும் உத்தரமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஆணியே இல்லாமல் நின்றன. தாழ்வாரம் தரையோடு தரையாக இருந்தது. அந்தத் தாழ்வில் மயங்கி, உட்காரும் உயரம் பன்னிரண்டு அங்குலம் என்று வரைந்தேன். மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

சித்தூர் ஆசாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மாவ ஒரு தபா கூட்டிக்கினு வாங்க சார். கால் அளவு எடுத்துக்கலாம்."

"டிராயிங் அப்ரூவ் ஆயிடுச்சி."

"யாரு பண்ணது?"

"நான்தான்."

"அப்ப செரி. அதுக்கு மேல யாரு கீறாங்க?"

அந்தப் பட்டறையின் தேக்குத்தூள் வாசனையை இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. ஒரு மாதம் வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போனேன். வேலைக்குப் போன காலத்தில் அவ்வளவு ஆசையாக எங்கும் போனதில்லை.

நாற்காலியோடு ஆசாரியே திருப்பதிக்கு வந்தார். மனைவி மஞ்சள் குங்குமம் வைத்து, ராகுகாலம் கழியக் காத்திருந்து உட்கார்ந்தாள். முகம் மலர்ந்தது. பிறகு எழப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி பார்த்தாள். நான் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க."

பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்து, மெல்ல மெல்ல எழுந்தாள். அதுவரை ஆசாரியும் நானும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏன் ஆசாரி, ஜப்பான்ல யாருக்கும் முட்டி வலியே வராதா?" என்றாள்.

அவர் டேப்பை எடுத்து, அவள் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்தார். காலண்டர் வீடுபோலவே நாற்காலியிலும் ஆணி இல்லாததால், மரக் கொட்டாப்புளியால் நாலு தட்டு தட்டியதும் கால்கள் கழன்று வந்தன. என் வடிவமைப்பில் உருப்படியான அம்சம் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் உயரமான கால்கள் வந்தன. உட்கார்ந்தாள், எழுந்தாள். குழாயடிவரை போய்த் திரும்பி, காரணமே இல்லாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"காப்பி வேணுமா?" என்று கேட்டபடியே எழுந்தாள்.

அப்போதுதான் குடித்து முடித்திருந்தேன். வேண்டும் என்றேன்.