சாரல் மாதத்தில் காணாமல்போன காட்டுப்பன்றி

தென்காசியில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வெளியிடுகிறேன் என்று எப்சிபா சொன்னால் முதலில் யாருக்கும் விளங்காது. "ஸ்கூல் புக்கா?" என்பார்கள். அடுத்தவர்கள் செய்யும் விளையாட்டை ஆடிப் பார்த்து, பிழை களைந்து, நல்ல படமும் பேரும் கொடுத்து உலகத்துக்கு விற்றுத்தருவது என்று சலிக்காமல் விளக்குவாள். பெங்களூரில் அதே வேலை பார்த்துவிட்டு, குற்றாலத்துப் பழக்கடை பெலிக்ஸைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவள்.

அவள் வெளியிட்டதில் சக்கைப்போடு போட்டது 'பன்றிக்காவல்'. அதைச் செய்தவர் ராயகிரி இசக்கிமணி. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர், காட்டுப்பன்றியிடமிருந்து வயலைக் காக்கத் தான் பட்ட பாட்டையே விளையாட்டாக்கிவிட்டார். ஒரு டார்ச், ஒரு தகரடப்பா, குரைக்கவே மாட்டேன் என்கிற ஒரு நாய். போலந்துக்காரர்கள்கூட அந்த நாய்க்காக வாங்கினார்கள்.

விற்பனை எல்லாம் ஒரே இணையக் கடை வழியாகத்தான். உலகமே அங்கே வாங்கும்போது வேறு இடம் எதற்கு என்று இருந்துவிட்டாள்.

ஆடியில் ஒரு நாள் காலை அந்தக் கடை அவள் கணக்கைப் பூட்டிவிட்டது. 'சரிபார்ப்பு நடைபெறுகிறது' என்று ஒரே வரி. அவள் வெளியிட்ட எதுவும் கண்ணில் படவில்லை. எழுதிக் கேட்டால் இயந்திரம் அதே வரியைத் திருப்பி அனுப்பியது. இசக்கிமணிக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரே கூப்பிட்டார்.

"தங்கச்சி, நம்ம பன்னியக் காணலியே?"

"கடைக்காரன் மறைச்சுட்டான் அண்ணாச்சி. எதுக்குன்னும் சொல்ல மாட்டேங்கான்."

"அவன் ஷட்டரப் போட்டா நாம ரோட்டுல கடை போடுவோம். ரெண்டு கம்ப்யூட்டரத் தூக்கிட்டு வாரேன். மாப்ள கடையில எடம் இருக்கும்லா?"

அன்றைக்கு எப்சிபா சிரித்தது அப்போதுதான்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் பெலிக்ஸின் கடை. ரம்புட்டானையும் மங்குஸ்தானையும் ஒதுக்கிவிட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். "ஏட்டி, பழம் நனைஞ்சா தொடைச்சுரலாம். இது நனைஞ்சா என்ன செய்ய?" என்று புலம்பிக்கொண்டே பெலிக்ஸ் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். அதற்குள் எப்சிபா சொந்தமாக ஓர் இணையதளம் போட்டு, பழப்பைகளில் எல்லாம் கியூஆர் கோடு ஒட்டிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அருவியில் வெள்ளம் வந்து போலீஸ் குளிக்கத் தடை போட்டது. எண்ணெய் தேய்த்த தலையோடு திரும்பிய கூட்டம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கியது. "டப்பாவத் தட்டுலே, டப்பாவத் தட்டு! அந்தா நெல்லுக்குள்ள எறங்கிட்டு!" ஆடுகிறவன் ஒருவன், வழிசொல்கிறவர்கள் இருபது பேர்.

கேரளத்துப் புனலூரில் கம்ப்யூட்டர் விளையாட்டு மையம் நடத்தும் நஸீபா குடும்பத்தோடு வந்திருந்தாள். "சேட்டா, இது என்டெ கடைக்குக் கிட்டுமோ?" என்று கேட்டாள். பட்டாளத்தில் பழகிய மலையாளத்தில் இசக்கிமணி அவளுக்கு வயல், வரப்பு, பன்றி எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் எப்சிபா அவளுடைய லேப்டாப்பில் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டாள். நஸீபா சொல்லி, கொல்லத்திலிருந்தும் கேட்டார்கள்.

அந்தச் சூட்டோடு எப்சிபா இன்னும் இரண்டு சின்ன இணையக் கடைகளில் பேசி இடம் பிடித்தாள்.

ஆவணி பிறந்த பிறகு பெரிய கடை பூட்டைத் திறந்தது. தவறுதலாக நேர்ந்துவிட்டதாம், அவ்வளவுதான். எப்சிபாவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அங்கிருந்து விலகவில்லை. இன்றைக்கும் அதிகம் விற்பது அங்கேதான், அதை அவள் மறைப்பதும் இல்லை.

போன மாதம் இலத்தூர் ஸ்வாதி செய்த புதிய விளையாட்டை வெளியிட்டாள். ஒரே நாளில், நாலு இடத்திலும்.

"அக்கா, நாலுலயும் போடணுமா? அலைச்சல்லா?" என்றாள் ஸ்வாதி.

"அலையுதது நாந்தான? நீ அடுத்ததச் செய்யி" என்று சொல்லிவிட்டு, நாலாவது கடைக்கான படத்தை ஏற்றத் தொடங்கினாள் எப்சிபா.