அறுபதில் ஒன்று

பேருந்து ஓட்டுநர் ஞானசேகரனின் மனைவி லீலாவுக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. சிங்கப்பூருக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியும் மருத்துவமனை ஆங்கிலம் அவளுக்குப் பிடிபடவில்லை. அழைப்புகள் எல்லாம் கணவரின் கைபேசிக்கே வரும்.

முப்பத்தெட்டு வயதில் தரித்த முதல் கரு. மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் சொல்லக்கூடாது என்று லீலா வாயைப் பூட்டிக்கொண்டிருந்தாள். முதல் பரிசோதனையின் முடிவு வந்தபோது ஞானசேகரன் பூன் லே பேருந்து முனையத்தில் இருந்தார். குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்க அறுபதில் ஒரு வாய்ப்பு என்றார் மருத்துவமனையிலிருந்து அழைத்த தாதி. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கலாம், மனைவியோடு பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் லீலா கேட்டாள். "என்னங்க, என்ன சொன்னாங்க?"

"நார்மல் லா."

உடனே அவள் ஊரிலிருந்த அம்மாவை அழைத்தாள். மறுநாள் தேக்கா கடைத்தெருவில் லட்டு வாங்கி வந்து, பிடோக்கில் அவர்கள் குடியிருந்த மாடியில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். வேலைக்குக் கிளம்பிய கணவர் கையிலும் ஒன்றைத் திணித்தாள். அது சீருடைப் பையிலேயே நசுங்கியது. அன்று முதல் பேருந்தில் ஏறுகிறவர்களை அவர் மனம் எண்ணியது. அறுபதாவதாக ஏறுபவரின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையை உதறினாள்.

"இனிப்பக் குடுத்தா எறும்புக்கா வெச்சீங்க?"

அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பேருந்து நிறைய அறுபது ஆள், அதில் ஒருவருக்கு அந்தக் குறை. அது நம் பிள்ளையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

"அப்ப மத்த அம்பத்தொம்போது பேருக்கு அது இல்லல்ல?"

"இல்ல."

"இத என்கிட்ட சொல்ல முடியலயா? ஊரு பூரா சொல்ல விட்டுட்டு வேடிக்கை பாத்தீங்களே. வயிறு என்னோடதுங்க."

பனிக்குட நீரை எடுக்கும் ஊசியால் கரு கலையும் சிறு ஆபத்தும் உண்டு என்பதை இம்முறை மறைக்காமல் சொன்னார். இரண்டு நாள் யோசித்து, சோதனைக்குச் சரி என்றாள் லீலா.

அந்த முடிவு வந்தபோது அவர் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அவளிடமே நீட்டினார். மறுமுனையில் சம்சுன்னிசா என்ற தமிழ்த் தாதி பேசினார்.

"டவுன் சின்ட்ரோம் இல்லம்மா. எல்லாக் குறையையும் இந்த டெஸ்ட் காட்டாது, அடுத்த ஸ்கேனுக்கு வாங்க. ஆனா இதுல நார்மல்."

"கேட்டியா லீலா? நார்மல்!" ஞானசேகரன் அவள் தோளைத் தொட்டார்.

அவள் திரும்பவில்லை.

"சிஸ்டர், நீங்க இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள். "அந்த வார்த்தைய இவரு சொன்னா என் மனசுல இறங்க மாட்டேங்குது."