கதிர்மானிக்கு நான் சொன்ன உவமை

மூடப்பட்ட அணுமின் நிலையங்களைப் பிரித்தகற்றும் வெளிநாட்டு வேலைக்கு ஊவாத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்த நிறுவனமொன்று, பயணத்துக்கு முன் பதுளையில் அவர்களுக்கு வகுப்பு நடத்தியது. புடைவைக் கடையொன்றின் மாடியில் பதின்மூன்று பேர் அமர்ந்திருந்தனர். பயிற்றுநர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழாக்குவது, ஓய்வுபெற்ற ஆசிரியையான என் பொறுப்பு.

மார்பில் அணியவேண்டிய சிறு கருவியொன்றை அவர் உயர்த்திக் காட்டினார். உடலில் ஏறும் கதிர்வீச்சை அது எண்ணாகக் காட்டும் என்றார். 'கதிர்மானி' என்றேன், முகங்களில் சலனமில்லை. உடனே எனக்கோர் உவமை தோன்றியது. மாலையில் நிறுவை மடுவத்தில் ஒவ்வொருவர் பறித்த கொழுந்தையும் தனித்தனியே நிறுப்பதுபோல, இது ஒவ்வொருவர் உடலில் ஏறிய கதிரை நிறுத்துக் காட்டும் என்று சொன்னேன். பதின்மூன்று முகங்களும் மலர்ந்தன. அந்த மலர்ச்சியை நான் சுவைத்துக்கொண்டிருந்தபோது பயிற்றுநர் அடுத்ததைச் சொல்லி முடித்திருந்தார்: எண் குறைவாக இருப்பதே நல்லது. வரம்பை நெருங்கினால் அவ்விடத்தை விட்டு விலகவேண்டும். இது சொல்லாமலே விளங்கும் என எண்ணி அதைத் தமிழாக்காது விட்டேன்.

மடுவத்தில் எடை கூடினால்தான் முழுப்பேர், முழுநாட் சம்பளம், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். இதை அறியாதவளல்லேன் நான்.

இரண்டு மாதங்களின் பின், அவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர்.

"டீச்சர், நம்ம செட்டுலயே என் நம்பர்தான் கூட! கொங்கிறீட் ஒடைக்கிற எடத்துல முன்னுக்கு நிக்கிறது நான்தான். மத்தவனுங்கல்லாம் சோம்பேறிப் பயலுக."

அவர் பேச்சை இடைமறித்தேன். "அங்க யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"வெள்ளக்காரன் என்னமோ கத்துனான், எனக்கு வெளங்கல. இப்ப என்னய உடுப்புக் கழுவப் போட்டுட்டாங்க. அரைப்பேராக்கிட்டாங்களோன்னு பயமா இருக்குங்க. திரும்ப அங்கயே விடச்சொல்லி நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

தவறு என்னுடையது என்று சொல்ல அந்த ஒரு கணம் போதும். நான் சொன்னது வேறு: "அங்க சட்டத்த மாத்திட்டாங்களாம். இனிமே நம்பர் கொறஞ்சாத்தான் நல்லதாம்."

அவர் சிரித்தார். "தோட்டத்துல நாம கூட எடுத்தா முழுப்பேருக்குக் கேக்குற கிலோவக் கூட்டுவானுங்க. இவனுங்க தலகீழா இருக்கானுங்களே!"

தம் உடலுக்கு என்ன நேரும் என்று அவர் கேட்கவில்லை.

அன்று மாலை அவருக்கு ஒரு செய்தி எழுதினேன். முதலில் எழுதியது நயமாக அமைந்துவிட்டது, அழித்தேன். இரண்டாவதும் அப்படியே. பிறகு வெறுமனே எழுதினேன்: சட்டம் எதுவும் மாறவில்லை. அந்த எண் கூடுவது உடம்புக்குக் கேடு. பயிற்றுநர் அன்றே சொன்னார், நான்தான் உங்களுக்குச் சொல்லவில்லை. உடனே அங்குள்ள வைத்தியரைப் பாருங்கள். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

மறுநாள் குரற்பதிவாக அவர் பதில் வந்தது.

"டாக்டர்ட்ட காட்டுறேன் டீச்சர். மத்த பன்னெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். உங்க பேர இழுக்கல. சட்டம் மாறிருச்சுன்னே சொல்லி வச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."